ரன்னிங் பெல்ட் எந்த சைஸ் வாங்குவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓட ஆரம்பித்தவர்கள் ஷூவுக்கு அடுத்தபடியாகக் குழம்புவது இடுப்பு பெல்ட்டில்தான். போன், வீட்டுச் சாவி, ஓடும்போது சக்திக்குச் சாப்பிடும் ஜெல் பாக்கெட் ஒன்றிரண்டு, அவசரத்துக்கு ஒரு நூறு ரூபாய் நோட்டு. இவ்வளவையும் குலுங்காமல் சுமக்க வேண்டிய ஒரு துணிப்பட்டை, அவ்வளவுதான். ஆனால் சைஸ் தப்பினால் நாலாவது கிலோமீட்டரில் அதைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓட வேண்டியிருக்கும். எங்கள் ஓட்டக் குழுவில் புதியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் நான் வழக்கமாகச் சொல்லும் பதில்களையும் கீழே கொடுத்திருக்கிறேன்.

நான் போடுவது 34 சைஸ் பேண்ட். பெல்ட்டும் அதே 34-க்கு வாங்கினால் போதுமா?

போதாது. பேண்ட்டில் எழுதியிருக்கும் எண்ணை நம்பாதீர்கள். 34 என்று போட்ட பேண்ட்டின் இடுப்புப் பட்டியை டேப் வைத்து அளந்து பாருங்கள். 35, 36 இஞ்ச் என்றுகூட வரும். வாங்குபவர் மனம் நோகக் கூடாது என்று துணிக் கம்பெனிகள் காட்டும் தாராளம் அது. கம்பெனிக்குக் கம்பெனி இந்தத் தாராளமும் மாறும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பேண்ட்டை ஒருவர் தொப்புளுக்கு நேராகக் கட்டுவார், இன்னொருவர் நாலு விரல் கீழே இறக்கிப் போடுவார். ரன்னிங் பெல்ட் இந்த இரண்டு இடத்திலும் உட்காராமல் போகலாம். பெல்ட் எங்கே இருக்கப்போகிறதோ அந்த இடத்தின் சுற்றளவுதான் உங்கள் சைஸ். வேறு எந்த எண்ணும் கணக்கில் வராது.

சரி, அந்த இடம் எது? எப்படி அளப்பது?

இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றி நின்றால் விரல்களுக்கு அடியில் எலும்பின் மேல்விளிம்பு தட்டுப்படும். பெரும்பாலானவர்களுக்குப் பெல்ட் நிலையாக உட்காருவது அந்த விளிம்பை ஒட்டியோ அதற்கு ஓரிரு விரல் கீழேயோதான். அங்கே எலும்பு தாங்குவதால் பட்டை நகர்வதற்கு இடம் குறைவு. தொப்புள் மட்டத்தில் வெறும் சதைதான். மூச்சு விடும்போதெல்லாம் அந்த இடம் விரிந்து சுருங்கும்.

அளக்கும்போது ஓடும்போது போடும் ஷார்ட்ஸையோ டைட்ஸையோ போட்டுக்கொள்ளுங்கள். தையற்காரர் வைத்திருக்கும் துணி டேப்பே நல்லது. இல்லாவிட்டால் ஒரு நூலைச் சுற்றி, அந்த நூலை ஸ்கேலில் வைத்துப் பாருங்கள். வயிற்றை உள்ளே இழுக்காமல், மூச்சைச் சாதாரணமாக வெளியே விட்டு நிற்க வேண்டும். டேப் முன்னாலும் பின்னாலும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் இறங்கிப்போய் அளவு தப்புவது சகஜம். காலையில் ஒருமுறை, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒருமுறை அளந்தால் இரண்டும் ஒன்றாக இருக்காது. நீங்கள் எந்த நேரத்தில் ஓடுவீர்களோ அந்த நேரத்து அளவையே எடுத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுப் பிராண்டுகளின் பட்டியல் சென்டிமீட்டரில் இருந்தால் இஞ்ச் அளவை 2.54-ஆல் பெருக்குங்கள். 34 இஞ்ச் என்பது 86 சென்டிமீட்டர் சொச்சம். அந்தப் பட்டியல் 'வெய்ஸ்ட்' என்கிறதா, 'ஹிப்' என்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். சில கம்பெனிகள் இடுப்பெலும்பு மட்டத்தைக் கேட்கும், சில கம்பெனிகள் இடுப்பின் ஒடுங்கிய பகுதியைக் கேட்கும். ஒரே ஆளுக்கு இந்த இரண்டுக்கும் நடுவில் நாலைந்து இஞ்ச் வித்தியாசம் இருக்கலாம்.

குழாய் மாதிரி இருக்கும் பெல்ட், பக்கிள் வைத்த பெல்ட்: சைஸ் விஷயத்தில் என்ன வித்தியாசம்?

எல்லாமே இதில்தான் இருக்கிறது. ஃபிளிப்பெல்ட் மாதிரியானவை பக்கிளே இல்லாத எலாஸ்டிக் குழாய்கள். கால் வழியாக ஏற்றிப் போட வேண்டும், உள்ளே பொருளைத் திணிக்கச் சின்னச் சின்ன வாய்கள் இருக்கும். இவற்றை இறுக்கவோ தளர்த்தவோ வழியில்லை. வாங்கும்போது எடுத்த முடிவுதான் கடைசி வரை. ஸ்பைபெல்ட் மாதிரியானவற்றில் எலாஸ்டிக் வார், ஒரு பக்கிள், நடுவில் விரியும் ஒரு சின்னப் பை. வாரை இழுத்து அளவை மாற்றிக்கொள்ளலாம். எடை ஏறி இறங்குகிறவர்களுக்கும், ஒரே பெல்ட்டைக் கணவனும் மனைவியும் மாற்றி மாற்றிப் போடும் வீட்டுக்கும் பக்கிள் வகைதான் லாயக்கு.

குலுங்காமல் இருப்பதில் குழாய் வகை ஒரு படி மேல் என்பது என் கட்சி. எடை ஒரே இடத்தில் தொங்காமல் இடுப்பைச் சுற்றிப் பரவுகிறது, அகலமான துணி உடம்பைப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் சைஸ் சரியாக அமைந்தால்தான் இந்தப் பெருமையெல்லாம்.

அளவுப் பட்டியலில் மீடியத்துக்கும் லார்ஜுக்கும் நடுவில் வருகிறேன். எதை எடுப்பது?

குழாய் வகை என்றால் சின்னதை எடுங்கள். எலாஸ்டிக் துணி புதிதில் இருக்கும் இறுக்கத்தைக் கொஞ்ச நாளில் விட்டுக்கொடுக்கும், வேர்வையில் நனைந்தால் இன்னும் கொஞ்சம் தளரும். கடையில் 'ஆஹா, வசதியாக இருக்கிறது' என்று தோன்றும் பெல்ட் ரோட்டில் லூசாகிவிடும். உள்ளே போன் வைக்காமல் போடும்போது லேசாக அழுத்துவது போல் இருந்தால் அதுதான் சரியான அளவு.

பக்கிள் வகையில் இந்தக் குழப்பமே இல்லை. வாரின் முழு நீளத்தில் ஏறக்குறைய நடுவில் உங்கள் அளவு வருகிறதா என்று மட்டும் பாருங்கள். கடைசி வரை இழுத்து இறுக்க வேண்டியிருந்தால் மிச்ச வார் நீளமாகத் தொங்கித் தொடையில் அடிக்கும். கடைசி வரை தளர்த்த வேண்டியிருந்தால் எலாஸ்டிக் ஏற்கெனவே முழுக்க இழுபட்டு நிற்கும், அப்புறம் மூச்சுக்கு ஏற்ப விரிய அதில் எதுவும் பாக்கி இருக்காது. 'ஃப்ரீ சைஸ்' என்று விற்பதைப் பற்றியும் இதையேதான் சொல்வேன்: குறைந்தபட்ச, அதிகபட்ச அளவு அச்சிட்டிருந்தால் வாங்கலாம், இல்லாவிட்டால் வேண்டாம்.

பட்டியலே இல்லை, வெறும் எஸ், எம், எல் என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். என்ன செய்வது?

கடையில் கையில் எடுத்துப் பார்க்க முடிந்தால் ஒரு எளிய வழி இருக்கிறது. குழாய் பெல்ட்டை மேஜையில் தட்டையாக, இழுக்காமல் விரித்து, ஓரத்திலிருந்து ஓரம் வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். அதுதான் அதன் சுற்றளவு. உங்கள் இடுப்பளவைவிட அது பத்திலிருந்து பதினைந்து சதவீதம் குறைவாக இருந்தால் எடுத்துப் போட்டுப் பார்க்கலாம். உதாரணமாக, தட்டையாக 38 சென்டிமீட்டர் வந்தால் சுற்றளவு 76. இடுப்பு 86 சென்டிமீட்டர் உள்ளவருக்கு அது ஏறக்குறைய பன்னிரண்டு சதவீதம் குறைவு, நன்றாகவே பிடிக்கும். அதே பெல்ட் 78 சென்டிமீட்டர் இடுப்புக்காரருக்கு வழுக்கிக்கொண்டு போகும்.

இது நான் கைக்கணக்காக வைத்திருப்பது. துணி மிக மெல்லியதாகவும் எளிதில் இழுபடுவதாகவும் இருந்தால் பதினைந்து சதவீதத்தின் பக்கம் போங்கள், கெட்டியாக இருந்தால் பத்துப் போதும்.

கண்ணாடி முன் நின்றபோது கச்சிதமாக இருந்தது. ஓடினால் ஏன் குதிக்கிறது?

நிற்கும்போது போன் அதன் எடை மட்டும்தான். ஓடும்போது கால் தரையில் படும் ஒவ்வொரு முறையும் உடம்பின் மேல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு விசை விழுகிறது, இடுப்பில் இருக்கும் பொருளுக்கும் அதே விகிதம்தான். 230 கிராம் போன் அந்தக் கணத்தில் அரைக் கிலோவுக்கு மேல் இழுக்கிறது. அடுத்த கணம் இரண்டு கால்களும் காற்றில் இருக்கின்றன, அப்போது போனுக்கு எடையே இல்லாத மாதிரி. இழுப்பு, விடுதலை, இழுப்பு, விடுதலை. நிமிடத்துக்கு 170 அடி வைக்கிறவருக்கு ஒரு மணி நேரத்தில் இது பத்தாயிரம் முறைக்கு மேல் நடக்கிறது. பெல்ட்டில் ஒரு விரல் அளவு தளர்ச்சி இருந்தாலும் அது வேலையைக் காட்டிவிடும்.

அதனால் சைஸைச் சோதிக்கும்போது காலிப் பெல்ட்டை மட்டும் போட்டுப் பார்த்தால் போதாது. வழக்கமாக எடுத்துப் போகும் எல்லாவற்றையும் உள்ளே வையுங்கள். நின்ற இடத்திலேயே முழங்காலை உயர்த்தி ஒரு நிமிடம் ஓடுங்கள், மாடிப்படி இருந்தால் வேகமாக இறங்குங்கள். பெல்ட் இருந்த இடத்திலேயே இருக்கிறதா, ஓரம் சுருண்டதா, பை முன்பக்கத்திலிருந்து பக்கவாட்டுக்குத் திரும்பிவிட்டதா என்று பாருங்கள். அப்புறம் குனிந்து ஷூ லேஸ் கட்டுங்கள். மூச்சை முழுக்க இழுத்து விடுங்கள். இதிலெல்லாம் தேறினால் விலைச் சீட்டைக் கிழிக்கலாம்.

எனக்குத் தொப்பை உண்டு. பெல்ட் வழுக்கிக் கீழே போய்விடுகிறது.

தொப்பையின் மேல் கட்டினால் எந்தப் பெல்ட்டும் நிற்காது. இறுக்கினால் ஓட ஓட மேலே ஏறும், தளர்த்தினால் கீழே இறங்கும். தொப்பைக்குக் கீழே, முன்பக்கம் சற்றுத் தாழ்ந்தும் பின்பக்கம் இடுப்பெலும்பு மட்டத்திலும் வருமாறு போடுங்கள். அளவையும் அதே சாய்கோட்டில் எடுங்கள். போனைப் பின்பக்கம் வைத்தால் முன்பக்கம் இழுத்துக்கொண்டு இறங்குவது குறையும். உள்பக்கத்தில் சிலிக்கோன் கோடுகள் உள்ள பெல்ட் கிடைத்தால் ஷார்ட்ஸின் பட்டி மேல் அது நன்றாகப் பிடிக்கும்.

இப்படிக் கட்டும்போது ஷார்ட்ஸின் நாடா முடிச்சு பெல்ட்டுக்கு அடியில் மாட்டிக்கொள்ளக் கூடாது. ஒரு மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு அந்த முடிச்சின் அச்சு வயிற்றில் பதிந்திருக்கும்.

பெண்களுக்குத் தனி அளவு உண்டா? எனக்கு எப்போதும் மேலே ஏறி வயிற்றுக்கு வந்துவிடுகிறது.

பல பிராண்டுகளில் ஆண், பெண் இருவருக்கும் ஒரே பட்டியல்தான். ஆனால் உடல்வாகு ஒன்றல்ல. பெண்களில் பலருக்கு இடுப்பின் ஒடுங்கிய பகுதிக்கும் இடுப்பெலும்புக்குக் கீழுள்ள அகலமான பகுதிக்கும் வித்தியாசம் அதிகம். எலாஸ்டிக் எப்போதும் தான் குறைவாக இழுபடும் இடத்தைத் தேடி நகரும், அதாவது மேலே. இதை எதிர்த்துப் போராடுவதைவிட இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிடுவது மேல். ஒடுங்கிய இடுப்பிலேயே போட முடிவு செய்து அந்த அளவுக்குச் சின்ன சைஸ் வாங்கலாம். இல்லாவிட்டால் அகலமான குழாய் பெல்ட்டை இடுப்பெலும்புக்குக் கீழே போட்டு, டைட்ஸின் மேல்பட்டியை அதன் மேல் ஒருமுறை மடித்துவிடலாம்.

மாதவிடாய் நாட்களில் வயிறு உப்பி இறுக்கம் தாங்காது என்பவர்கள் பக்கிள் வகையை வைத்துக்கொள்வது நல்லது. சல்வார் டாப்பும் லெக்கிங்ஸும் போட்டு ஓடுகிறவர்கள் பெல்ட்டை டாப்புக்கு உள்ளே போட்டுக்கொண்டு, பக்கவாட்டு வெட்டுக்கு நேராகப் போனின் வாய் வருமாறு திருப்பிக்கொள்ளுங்கள். அவசரத்துக்குப் போனை எடுக்க டாப்பைத் தூக்க வேண்டியிருக்காது. கர்ப்ப காலத்தில் வயிற்றைச் சுற்றி எதையும் இறுக்கிக் கட்டாதீர்கள். அந்த நாட்களில் எவ்வளவு ஓடலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இடுப்புக்குச் சரியாக இருக்கிறது, போன்தான் நுழையவில்லை.

'எல்லா போனும் பிடிக்கும்' என்று எழுதியிருப்பது எந்தக் காலத்துப் போனை வைத்து எழுதியதோ. ஐபோன் 13 மினி 131.5 மில்லிமீட்டர் நீளம், 64.2 அகலம், எடை சுமார் 140 கிராம். சாம்சங் கேலக்ஸி எஸ்24 அல்ட்ரா 162.3 நீளம், 79 அகலம், 230 கிராமுக்கு மேல். இரண்டையும் ஒரே பையில் எதிர்பார்க்க முடியாது. உங்கள் போனைக் கவரோடு சேர்த்து அளந்து, பையின் உள் அளவோடு ஒப்பிடுங்கள். பையின் வாய் போனின் அகலத்தைவிடக் குறுகலாக இருந்தால், வேர்த்த கையால் வெளியே இழுப்பதற்குள் வந்த அழைப்பு நின்றுவிடும்.

ஒல்லியானவர்களுக்கு இதில் இன்னொரு தொல்லை. இடுப்பு வளைவானது, போன் வளையாது. இடுப்பு சிறியதாக ஆக வளைவு கூடும், நீளமான போனின் இரண்டு முனைகளும் உடம்பை விட்டு விலகி நிற்கும், அந்த இடைவெளியில்தான் ஆட்டம் தொடங்கும். 28 இஞ்ச் இடுப்புக்காரர் பெரிய போனைப் பக்கவாட்டில் வைக்கவே கூடாது. அடிவயிறோ கீழ்முதுகோதான் ஓரளவு தட்டையான இடம். நான் முன்பக்கத்தையே சொல்வேன். கால் வழுக்கி மல்லாந்து விழுந்தால் முதுகெலும்புக்கும் தார் ரோட்டுக்கும் நடுவில் ஒரு கண்ணாடிப் பலகை இருப்பது நல்லதல்ல.

தண்ணீர் பாட்டில் வைத்த பெல்ட் வாங்கினால் சைஸ் மாறுமா?

மாறும். அரை லிட்டர் தண்ணீர் அரைக் கிலோ. ஒரே பாட்டிலாக முதுகில் வைத்தால் மேலே சொன்ன கணக்குப்படி ஒவ்வொரு அடிக்கும் ஒரு கிலோவுக்கு மேல் இழுக்கும். 250 மில்லி பாட்டில் இரண்டாகப் பிரித்து இடது, வலது என்று வைக்கும் மாடல் பரவாயில்லை. இதில் சாதாரண பெல்ட்டைவிட ஓர் இழுப்பு கூடுதலாக இறுக்க வேண்டியிருக்கும், அதனால் பக்கிள் உள்ளதாகவே வாங்குங்கள். தண்ணீர் தீரத் தீர எடை குறையும்போது வழியிலேயே தளர்த்திக்கொள்ளலாம். பாதி குடித்த கெட்டி பாட்டில் சளக் சளக் என்று சத்தம் போடும். காற்றை வெளியேற்றிச் சுருங்கும் மென்பாட்டிலில் அந்தத் தொல்லை கிடையாது.

தண்ணீர் ஸ்டால்கள் ஒழுங்காக இருக்கும் மாரத்தானுக்கு இது தேவையே இல்லை என்பது என் அபிப்பிராயம். ஆள் அரவமில்லாத ரோட்டில் தனியாக லாங் ரன், அதாவது நீண்ட தூரப் பயிற்சி ஓட்டம், போகிறவர்களுக்குத்தான் வேண்டும்.

முழு மாரத்தானுக்கு எத்தனை ஜெல் பிடிக்கிற மாதிரி வாங்க வேண்டும்?

மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. சாதாரண ஜெல் ஒன்றில் 20 முதல் 25 கிராம் இருக்கும். முக்கால் மணிக்கு ஒன்று என்று வைத்தால் ஐந்து மணி நேர ஓட்டக்காரருக்கு ஆறு ஜெல் வேண்டும். ஒன்று 32 கிராம் என்றால் ஆறும் சேர்ந்து இருநூறு கிராமை ஒட்டி வரும், இன்னொரு போன் மாதிரி. ஆறையும் ஒரே பையில் திணிக்காமல் சுற்றிலும் பிரித்து வைக்க இடமுள்ள பெல்ட்டைப் பாருங்கள். காலி உறைகளுக்கும் ஒரு வாய் ஒதுக்குங்கள். ரோட்டில் வீசக் கூடாது, போன் பையிலேயே போட்டால் எல்லாம் பிசுபிசுத்துவிடும்.

இறுக்கமாக இருந்தால்தான் ஆடாது என்கிறீர்கள். எவ்வளவு இறுக்கம் அதிகம்?

ஆழ்ந்து மூச்சு இழுக்க முடியவில்லை, ஏப்பம் வருகிறது, புளித்துக்கொண்டு மேலே வருகிறது என்றால் வயிறு அமுங்குகிறது. உடனே தளர்த்துங்கள். இதைவிடக் கவனிக்க வேண்டிய அறிகுறி ஒன்று உண்டு. தொடையின் வெளிப்பக்கம் மரத்துப்போவது, குறுகுறுப்பது, எரிவது. தொடையின் வெளிப்பக்கத் தோலுக்குப் போகும் நரம்பு இடுப்பெலும்பின் முன்முனைக்குப் பக்கத்தில்தான் தொடைக்குள் இறங்குகிறது. அந்த இடத்தில் இறுக்கமான பெல்ட் தொடர்ந்து அழுத்தினால் இப்படி ஆகும். மருத்துவர்கள் இதை மெரால்ஜியா பரஸ்தெடிகா என்பார்கள். பெரும்பாலும் அழுத்தத்தை எடுத்தால் சரியாகிவிடும், போகாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். அகலம் குறைந்த வார் ஒரே கோட்டில் அழுத்தும், அகலமான பட்டை அதே இறுக்கத்தைப் பரப்பிவிடும்.

உரசிப் புண்ணாகிறது. சைஸ் தவறா?

இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் என்றால் பெல்ட் நகர்கிறது, அதாவது லூசு. ஒரே ஒரு புள்ளியில் என்றால் தையல், ஜிப் முனை, பக்கிள் இவற்றில் ஒன்று. பெல்ட்டைக் கொஞ்சம் திருப்பிப் போட்டாலே தீரும். நம் ஆட்களுக்கு மட்டும் வரும் ஒரு காரணமும் இருக்கிறது: அரைஞாண் கயிறு. கயிறும் தாயத்தும் பெல்ட்டுக்கு அடியில் மாட்டி, வேர்வையோடு இரண்டு மணி நேரம் அரைத்தால் தோல் என்னத்துக்கு ஆகும்? கழற்ற மாட்டேன் என்றால் கயிற்றைப் பெல்ட்டுக்கு மேலே ஏற்றிவிடுங்கள், அல்லது பெல்ட்டை ஷார்ட்ஸ் பட்டியின் மேல் போடுங்கள்.

சென்னை, தூத்துக்குடி, கொழும்பு மாதிரி கடற்கரை ஊர்களில் வேர்வை காயவே காயாது. வெறும் தோலில் பெல்ட் போடுகிறவர்கள் ஓடுவதற்கு முன் இடுப்பைச் சுற்றி வாசலின் தடவிக்கொள்ளுங்கள். சிலிக்கோன் கோடு உள்ள பெல்ட் என்றால் வாசலினும் தேங்காய் எண்ணெயும் கூடாது, பிடிமானம் போய்விடும்.

வேர்வையில் போன் நனையாதா?

நனையும். துணிப் பெல்ட் எதுவும் நீர் புகாதது அல்ல. போனை ஒரு சின்ன ஜிப்லாக் கவரில் போட்டு வையுங்கள், திரையை உடம்பின் பக்கம் திருப்பாதீர்கள். ஈரம் பட்டுத் தானாக யாருக்காவது போன் போகும்.

நாலு மாதத்தில் தொளதொளவென்று ஆகிவிட்டது. அடுத்த தடவை சின்ன சைஸ் வாங்கட்டுமா?

முதலில் எப்படித் துவைத்தீர்கள் என்று பாருங்கள். இழுவை தருவது லைக்ரா எனப்படும் எலாஸ்டேன் இழை. வெந்நீர், ப்ளீச், துணியை மென்மையாக்கும் திரவம், இஸ்திரி இவை எல்லாம் அதற்கு ஆகாது. ஓடி வந்ததும் பச்சைத்தண்ணீரில் அலசி, பிழிந்து முறுக்காமல், நிழலில் தட்டையாகப் போடுங்கள். உப்பு படிந்து ஜிப் சிக்குவதும் இதனால் நிற்கும். பாலியஸ்டர் நீரை ஏறக்குறைய உறிஞ்சாது, நைலான் அதைவிடக் கூடுதலாக உறிஞ்சும். அதிகம் வேர்ப்பவர்கள் துணிக் கலவையைப் படித்து வாங்கலாம். துவைத்ததில் தப்பில்லை, உங்கள் எடைதான் குறைந்திருக்கிறது என்றால் மறுபடி டேப்பை எடுங்கள். இரண்டு இஞ்ச் குறைந்திருந்தால் குழாய் பெல்ட்டில் ஒரு சைஸ் இறங்கத்தான் வேண்டும்.

பிப் (போட்டி எண் அட்டை) மாட்டும் பெல்ட்டும் இதுவும் ஒன்றா?

இல்லை. அது பிப் அட்டையை ஊக்கு இல்லாமல் மாட்ட மட்டும் பயன்படும் மெல்லிய எலாஸ்டிக் வார். சைக்கிளில் முதுகுக்கும் ஓட்டத்தில் வயிற்றுக்கும் பிப்பைத் திருப்பிக்கொள்ளலாம் என்பதால் டிரையத்லான் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டி) போகிறவர்கள் வைத்திருப்பார்கள். அதில் போனைத் தொங்கவிட முடியாது. சைஸ் கவலையும் இல்லை, எல்லாம் இழுத்துக் கட்டுவதுதான்.

இன்சுலின் பம்ப் வைத்திருக்கிறேன். எதைப் பார்த்து வாங்குவது?

பையின் உள்பக்கத்தில் பம்ப்பின் மெல்லிய குழாய் வெளியே வர ஒரு துளை இருக்கும் பெல்ட்கள் இதற்கென்றே கிடைக்கின்றன. அந்தக் குழாயை உடம்பில் பொருத்தியிருக்கும் இடத்தின் மேல் பட்டை வரக் கூடாது. அதனால் அந்த இடத்தை விட்டுவிட்டு மேலேயோ கீழேயோ எங்கே கட்ட முடியுமோ அங்கே அளவெடுங்கள். இடம் மாற்றிப் பொருத்தும்போது பெல்ட்டும் நகர வேண்டியிருக்கும், ஆகவே பக்கிள் வகை.

ஆன்லைனில் வாங்கி, சைஸ் தப்பினால்?

சில தளங்களில் இதை உள்ளாடைக் கணக்கில் சேர்த்து 'திருப்பி எடுக்க மாட்டோம்' என்று போட்டிருப்பார்கள், ஆர்டர் போடுவதற்கு முன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். வந்ததும் சீட்டைக் கிழிக்காமல், வேர்வை படாமல், வீட்டுக்குள் ஃபேனுக்குக் கீழே ஷார்ட்ஸ் மேல் போட்டுச் சோதியுங்கள். போட்டிக்கு என்று வாங்குவதானால் குறைந்தது ஒரு மாதம் முன்னாலேயே வாங்கி, இரண்டு மூன்று லாங் ரன்னில் முழுச் சுமையோடு ஓட்டிப் பார்த்துவிடுங்கள். போட்டிக்கு முந்தின நாள் பிப் கொடுக்கும் இடத்து ஸ்டாலில் தள்ளுபடி என்று வாங்கியதை மறுநாள் காலை கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டாம்.